சிலிக்கா ஜெல் போட்டு வைத்த சுருட்டு

சுருட்டு கதிர்வேல் சாரின் விரல்களுக்கு நடுவிலேயே அப்பளம் மாதிரி நொறுங்கியது.

மேஜை முழுக்க இலைத்தூள். பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எதிரே ஹாலந்துக்காரர் ஹென்றிக், வழக்கம்போல் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் கம்பெனி. கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிறோம். முதலாளி கதிர்வேல் சார், வாங்குகிறவர் ஹென்றிக். நான் ஆஷா, நாசரேத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒருவர் சொல்வதை மற்றவருக்கு மொழி மாற்றிச் சொல்வதும் என் வேலையில் சேர்த்தி.

அந்தச் சுருட்டு, ஹென்றிக் முதல்முறை திருப்பூர் வந்தபோது கொடுத்தது. அவருக்கு மகள் பிறந்திருந்த நேரம். அவர்கள் ஊரில் குழந்தை பிறந்தால் அப்பா சுருட்டு கொடுப்பாராம், நாம் சாக்லேட் கொடுக்கிற மாதிரி. உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று சாரைக் கேட்டார். இன்னும் இல்லை என்று நான்தான் சொன்னேன்.

அப்படியானால் இதை வைத்திருங்கள், அந்த நாளில் கொளுத்தலாம் என்று சொல்லிவிட்டு விமானத்தைப் பிடிக்க ஓடிவிட்டார். எப்படி வைத்திருப்பது என்று சொல்லவில்லை.

சாருக்குச் சுருட்டு என்றால் தோட்டத்துக் கருப்பராயன் கோயில்தான். சாமிக்கு வைத்ததை மனுஷன் மோந்துகூடப் பார்க்கக் கூடாது. ஆகவே இதையும் அவர் மோந்து பார்க்கவில்லை.

ஆனால் காவல் பலமாக இருந்தது. கப்பலில் போகிற பெட்டிக்குள் ஈரம் ஏறினால் துணி பூசணம் பிடித்துவிடும், ஆர்டர் போய்விடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பேய் கிடையாது. சார் சுருட்டைப் பாலித்தீன் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்து, வாயை ஒட்டி, அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் புதுப் பொட்டலம் மாற்றினார். ஏற்றுமதித் தரம் என்று நான் கிண்டல் செய்வேன்.

வருஷங்கள் ஓடின. சாரும் அவர் மனைவி தரணி அக்காவும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை.

ஹென்றிக் அவ்வப்போது வருவார். ஏப்ரல் வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் பெண்கள் அவருக்குக் கோட்டுத்துரை என்று பேர் வைத்திருந்தார்கள். கிளம்பும்போது வீட்டில் எல்லாம் எப்படி என்று கேட்பார். ஒண்ணும் கொறையில்லீங்க என்பார் சார். நான் மாற்றிச் சொல்வேன். ஹென்றிக் தலையாட்டிவிட்டு, கோட்டின் நெஞ்சுப் பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு காரில் ஏறுவார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என நினைத்துக்கொள்வோம்.

அன்று விடியற்காலையில் தரணி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நான் கர்த்தருக்கும் கருப்பராயனுக்கும் சேர்த்தே நன்றி சொன்னேன். ஹென்றிக்கும் அன்று திருப்பூரில் இருந்தார். சார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, அவருக்கு எதிரிலேயே அலமாரியைத் திறந்து, கவரைப் பிரித்தார்.

சுருட்டு தூளாகிப் போனது.

ஹென்றிக் ஒரு பொட்டலத்தை எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சுருட்டு இலைக்கு ஈரம் வேண்டுமாம். மரப்பெட்டியில் நனைத்துப் பிழிந்த பஞ்சோடு மூடி வைப்பார்களாம். காயவிட்டால் தீர்ந்ததாம். சிரிப்பை விட்டுவிட்டு மற்றதை மாற்றிச் சொன்னேன்.

சார் தூளை விரலால் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"பொறந்த அன்னிக்கே இப்படி ஒடஞ்சு போச்சே கண்ணு. சகுனம் செரியில்லயே."

பிள்ளை வரும் என்ற நம்பிக்கையை இத்தனை வருஷமும் அவர் அந்தக் கவருக்குள்தான் போட்டு வைத்திருந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் தூங்குகிற குழந்தையை நினைத்து, ஒரு துணுக்குகூட விடாமல் பொறுக்கினார்.

அவர் என்ன சொல்கிறார் என்று ஹென்றிக் கேட்டார். சொன்னேன்.

ஹென்றிக்கின் சிரிப்பு நின்றது. கோட்டுப் பட்டனைக் கழற்றி, நெஞ்சுப் பக்கத்து உள்பையிலிருந்து மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். உள்ளே ஒரு சுருட்டு, புது இலையின் மினுமினுப்போடு.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று வாங்குவாராம். குடித்துப் பழக்கமில்லாதவருக்கு, காரம் குறைந்ததாகக் கொடு என்று கடைக்காரரிடம் சொல்லி, மெல்ல அமுக்கிப் பார்த்து வாங்குவாராம். குறையில்லை என்று மட்டும் நான் சொன்னதும், பிள்ளை இன்னும் இல்லை என்று புரிந்துகொண்டு திரும்ப ஊருக்கு எடுத்துப் போய்விடுவாராம். நேராகக் கேட்டு யாரையும் நோகடிக்க மனசு வராதாம்.

அதை மட்டும் என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டாம் என்று சார் கை காட்டினார். அவருக்கே புரிந்திருந்தது.

ஹென்றிக் குழாயைச் சாரின் கையில் வைத்தார். அப்புறம், அப்பாதானே கொடுக்க வேண்டும் என்று தன் கையை நீட்டினார். சார் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

துணியில் வாடை ஏறிவிடும் என்று மொட்டைமாடிக்குப் போனோம். ஒன்றையே இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். புகையை உள்ளே இழுக்காதீர்கள், வாயில் வைத்திருந்து வெளியே விடுங்கள், அவசரப்படாதீர்கள், சாம்பலைத் தட்டாதீர்கள் என்று ஹென்றிக் பாடம் நடத்தினார். சார் முதல் வாயிலேயே நெஞ்சு வரை இழுத்து இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமல் நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தது.

ஹென்றிக் கோட்டைக் கழற்றிக் கொடிக்கம்பியில் போட்டார். நாங்கள் பார்க்க அவர் அதைக் கழற்றியது அன்றுதான். உள்ளே சட்டை, பிழிந்தால் சொட்டும் போல நனைந்திருந்தது.