மெடலுக்கு ஒரு சீட்

ஜரிகை போட்ட மெரூன் சால்வையைக் கல்லூரி முதல்வர் வைத்தீஸ்வரன் தன் கையாலேயே தீபிகாவின் தோளில் போர்த்தினார். தயாராக நின்ற போட்டோக்காரர் இரண்டு முறை ஃப்ளாஷ் அடித்தார். பெயின்ட் கறை போகாத கையால் அவள் அப்பா எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருக்காதா பின்னே. பெங்களூர் ஈஜிபுராவில் ஒற்றை அறை வீட்டில் படித்த மகள், மாநிலக் கணிதத் திறன் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறாள். அத்திபெலே பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று அந்தப் பதக்கத்துக்காகவே நாலு வருஷமும் ஃபீஸ் வேண்டாம் என்று கூப்பிட்டிருக்கிறது.

தீபிகாவுக்கு ஆசையெல்லாம் டாக்டர் படிப்பில்தான். சி.இ.டி. நுழைவுத் தேர்வில் ராங்க்கும் நன்றாகவே வந்திருந்தது, வெள்ளிக்கிழமை கவுன்சிலிங். ஒருவேளை அங்கே கிடைக்காமல் போனால் கையில் இது ஒன்று இருக்கட்டுமே என்றுதான் வந்திருந்தார்கள்.

முதல்வர் அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. டாக்டர் சீட் கிடைத்தால் சந்தோஷமாகப் போகட்டும் என்றார். கவுன்சிலிங் எத்தனை மணிக்கு என்று அக்கறையாக விசாரிக்கவும் செய்தார்.

அட்மிஷன் எழுதியவள் உஷா என்ற கிளார்க். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும், அதற்குள் சிரிப்பை மறந்த முகம். பிரம்பு பிய்ந்த நாற்காலியில் ஜரிகை கறுத்த ஏதோ பழைய துணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எத்திராஜ் ஜெராக்ஸ் காப்பிகளை நீட்டினார். அவள் அதைத் தொடக்கூட இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் வேண்டும் என்றாள். எத்திராஜ் தயங்கினார்.

"பயப்படாதீங்க. ஒரு சீல் போடணும், அவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க," என்றார் முதல்வர்.

மார்க்ஸ் கார்டு, டி.சி., பதக்கச் சான்றிதழ் எல்லாம் உஷாவுக்குப் பின்னால் இருந்த பச்சை பீரோவுக்குள் போயின. சாவி முதல்வரின் சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வரும்போது, சுவர் நிறையத் தொங்கிய பழைய பதக்கக்காரர்களின் படங்களை மகளுக்குக் காட்டினார் எத்திராஜ். அடுத்த வருஷம் அவள் படமும் அங்கே இருக்கும் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல்வர் அறை பூட்டிக் கிடந்தது. சார் மைசூர் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றாள் உஷா, டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குக் கவுன்சிலிங்மா."

"தெரியும்."

தீபிகா மேஜையருகே குனிந்தாள். "அக்கா, மெடல் சர்டிபிகேட்ட நீங்களே வச்சுக்குங்க. அங்க அத யாரும் கேக்கப் போறதில்ல. மார்க்ஸ் கார்டும் டி.சி.யும் மட்டும் குடுங்க."

உஷா தட்டிக்கொண்டே இருந்தாள். எத்திராஜ் எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்கான விளம்பரம் அது. 'மாநிலத் தங்கப் பதக்க மாணவி தீபிகா தேர்ந்தெடுத்தது எங்கள் கல்லூரியை' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் கொட்டை எழுத்து. மேலே, சால்வை போட்ட போட்டோ ஒட்ட இடம் விட்டிருந்தாள்.

மைசூரும் பொய், சீலும் பொய் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பீரோவை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. வந்த ஆத்திரமெல்லாம் எதிரே இருந்தவள் மேல் பாய்ந்தது.

"படிச்ச பொண்ணுதானே நீ? இன்னொரு பொண்ணு வாழ்க்கைல மண்ணள்ளிப் போடறியே. இதவிட்டா ஊர்ல வேற வேலையே கெடைக்கலியா உனக்கு?"

டைப்ரைட்டர் நின்றது. உஷா நிமிர்ந்து, முதல் தடவையாகச் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள்.

"என் ஒரிஜினலும் அதே பீரோலதான் இருக்கு."