பக்கத்து இருக்கைக்காரர்

அழுத்தக் காற்றில் வலிக்குச் சிகிச்சை தரும் ஆக்சிஜன் அறைக்குள் தையல்காரி நுழைந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் ஏற்கெனவே முகக்கவசம் மாட்டி, வலது கையை மடியில் பத்திரமாக வைத்திருந்தார். கதவு மூடி, உள்ளே காற்றழுத்தம் ஏறியதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"புதுசா வர்றீங்களா? எச்சிலை முழுங்குங்க, அடைப்பு விட்டுடும்" என்றாள், தன் கவசத்துக்குள்ளிருந்து.

விழுங்கினார். "உங்களுக்கு எங்க வலி?"

"மணிக்கட்டுல. கீழ விழுந்து உடைஞ்சுது. எலும்பு கூடி ரெண்டு வருஷமாச்சு, எரிச்சல் மட்டும் போகல. ஃபேன் காத்து பட்டாலே உசுரு போகும். இங்க வந்து பத்து நாள்ல கொஞ்சம் தேவலை."

"முன்னாடியே வந்திருக்கலாமே?"

"எங்க! எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பாத்துட்டு, 'எல்லாம் உங்க மனசுலதான்'னு அனுப்பிட்டார். வீட்லயும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. ஆமா, உங்களுக்கு என்ன?"

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. இடது கையால் கவசத்தைக் கழற்றினார். அந்த முகத்தை அவளால் மறக்க முடியுமா?

"எனக்கும் எலும்பு கூடிடுச்சும்மா. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்ல" என்றார் எலும்பு டாக்டர், தலையைக் குனிந்தபடி.

இரண்டு வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ரொம்ப வலிக்குதா டாக்டர்?" என்றாள்.