வல்லிநாயகத்தின் புதுக் கட்டடம்

“அண்ணாச்சி, பழைய கட்டடத்தையெல்லாம் போட்டோ பிடிச்சிக்கிட்டு ஒரு மேடம் வாராங்க. கையில பைல் வேற இருக்கு. புராதனச் சின்னம்னு எழுதிட்டாங்கன்னா பெறகு ஒரு ஆணி அடிக்க முடியாது, பாத்துக்கிடுங்க.”

நாலு கடை தள்ளி ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாரூக் போனில் சொன்னதும் வல்லிநாயகம் வாசலுக்கு ஓடிவந்து கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். தென்காசி கடைத்தெருவில் தாத்தா கட்டிய மாடிக் கட்டடத்தை இடித்துவிட்டு, அடுத்த குற்றால சீசனுக்குள் அங்கே ஒரு லாட்ஜ் எழுப்பிவிட வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

முகப்பில் சுண்ணாம்புச் சாந்தில் ‘1921’ என்ற ஆண்டு பல்லை இளித்தது. கடைக்குள் கிடந்த மச்சினன் கல்யாண பிளெக்ஸை எடுத்து அதன்மேல் கட்டி முடிக்கவும், அந்தப் பெண் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“என்ன அழகான தெரு சார். ஒவ்வொரு பால்கனியா பாத்துக்கிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல. நான் அபர்ணா. உங்க கட்டடத்தைப் பாக்கலாமா?”

“தாராளமா. ஆனா இதுல பாக்க என்ன இருக்கு மேடம்? தொண்ணூத்தஞ்சுல நான் கட்டுனது.”

அவள் தூணைத் தட்டிப் பார்த்தாள். “தேக்கு மாதிரில்லா இருக்கு?”

“சிமெண்டு மேடம். பெயிண்டு அடிச்சவன் கெட்டிக்காரன்.”

“சத்தம் மரம் மாதிரி கேக்குதே?”

“உள்ள கொஞ்சம் மரம் வச்சிருக்கு.”

“இந்த விரிசல்?”

“டிசைன்.”

மாடி ஏறினார்கள். “தளம் தாங்குமா?” என்றாள் அபர்ணா.

ஐம்பத்தெட்டு வயது வல்லிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொம் தொம்மென்று மூன்று முறை குதித்தார். கீழே ஏதோ விழுந்து உடைந்தது.

“பூனை,” என்றார் மூச்சு வாங்க. “யானையே வந்து ஆடலாம் மேடம். இன்னும் நூறு வருசத்துக்கு அசையாது.”

“இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?”

“அதுக்கென்ன?” கொட்டை எழுத்தில் எழுதித் தேதியும் போட்டுக் கொடுத்தார். லாட்ஜ் தப்பித்துவிட்டது. அந்தத் தெம்பில், “மேடம் தொல்லியல் துறையா?” என்று கேட்டார்.

“இல்ல சார், போட்டோவெல்லாம் என் ஆசைக்கு எடுத்தது. நான் நகராட்சி இன்ஜினியர்.” அவள் பைலைத் திறந்து, அவர் கொடுத்த தாளை அதில் செருகினாள். “‘நூறு வருஷப் பழசு, எந்நேரமும் இடிஞ்சு விழும், இடிக்க உடனே அனுமதி வேணும்’னு போன மாசம் நீங்க குடுத்த மனுவை விசாரிக்கத்தான் வந்தேன்.”