பொய் சொன்னால் நிற்கும் விசிறி

பொய் சொன்னால் அந்த மின்விசிறி நின்றுவிடும்.

நீதிபோதனை எடுக்கும் கோமதிநாயகம் சார் அப்படித்தான் சொல்வார். கோர்ட்டிலிருந்து ரெண்டு பேர் வந்து வாடகைக்குக் கேட்டார்களாம். பிள்ளைகள் கெட்டுப்போய்விடும் என்று இவர் கொடுக்கவில்லையாம்.

ஏழாம் வகுப்பு. தகரக் கூரை. நடு மத்தியானம்.

விசிறி நின்றிருந்தது.

அவளும் நின்றிருந்தாள்.

சுவரில் ‘உண்மையே பேசு’ என்று ஓர் அட்டை. அதன் பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘சார்’ என்று சேர்த்திருந்தார்கள்.

அவள் எழுதவில்லை. அப்படித்தான் சொன்னாள். சொன்ன மறு நொடி விசிறி நின்றது.

ஐந்தே நிமிடத்தில் வகுப்பு இட்லிக் கொப்பரை ஆனது. நாற்பத்தைந்து பிள்ளைகளும் வெந்தார்கள். முன் பெஞ்சில் ஒருத்தியின் சாந்துப் பொட்டு மூக்கு வழியாக இறங்கி நோட்டில் சொட்டியது. பின் பெஞ்சு குண்டு லிங்கம் உருகிப் பாதி ஆளாகிவிட்டான்.

“ஒத்துக்கிட்டுத் தொலையேன், ஏட்டி. வேக்காடு தாங்கல.”

மூன்றாம் பெஞ்சிலிருந்து வந்த குரல்தான் எல்லாவற்றிலும் பெரிது. ‘சார்’ என்று எழுதியவனின் குரல் அது.

ஒத்துக்கொண்டால் விசிறி சுற்றும். எப்போதும் அப்படித்தான். நாளைக் காலை பிரேயரில், தொள்ளாயிரம் பேருக்கு முன்னால், ‘நான் பொய்க்காரி’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான்.

போன மாதம் சொன்னவளை இன்னும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சார் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எவரும் உயிரோடு இல்லை. சுவரில் சாய்ந்தபடியேதான் முப்பது வருஷமாக நீதி போதிக்கிறார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவிட்ச் போர்டு.

அவளுக்கு அந்த ‘டிக்’ கேட்டிருந்தது. ஒயர்மேன் மகளுக்குக் கேட்காமல் இருக்குமா?

முன்பே ஒருநாள் வீட்டில் சொல்லியிருந்தாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கரண்டுக்கு என்ன தெரியும் பொய்யும் மெய்யும் என்றார். உங்க சாருக்கு நீதிபோதனை எல்லாம் முதுகிலதான் இருக்கு என்றார்.

அதை அவள் இப்போது ஒரு எழுத்து விடாமல் வகுப்பில் சொல்லிவிட்டாள். அப்பாவையே கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள். அப்பா தூரத்தில் இல்லை. பக்கத்துப் புதுக் கட்டடத்தில் ஒயரிங்குக்காகச் சுவரைக் கொத்தும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

சார் கோபப்படவில்லை. ஆள் அனுப்பினார்.

கொத்தும் சத்தம் நின்றது.

அப்பா வந்தார். தலையெல்லாம் சிமென்ட் தூள். சட்டைப் பையில் டெஸ்டர். அவள் நிமிர்ந்து நின்றாள்.

“வாங்க வேலாண்டி. இந்த ரூமுக்கு ஒயரிங் யாரு பண்ணுனது?”

“நாந்தான் சார்.”

“ஃபேன் நின்னுபோச்சு. ரெண்டுல ஒண்ணுதான். ஒங்க மக பொய் சொல்லிருக்கணும். இல்லன்னா ஒங்க ஒயரிங் கோளாறு. கோளாறுன்னா தயங்காமச் சொல்லுங்க. புதுக் கட்டடத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி மச்சான்கிட்டச் சொல்லிருதேன்.”

மச்சான் என்றால் பள்ளிக்கூடத்தின் தாளாளர்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. சாரின் தோள்பட்டையில், ஒரு சுவிட்ச் போர்டு அகலத்துக்குச் சுண்ணாம்பு.

அப்பா அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

இதோ சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்தார். சாரின் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். மெதுவாக, மாப்பிள்ளைக்குத் தட்டுவதுபோல.

“ஒயரிங்ல ஒரு கொறையும் கெடையாது சார்.”

டிக்.

நாற்பத்தைந்து பிள்ளைகளும் ‘அப்பாடா’ என்றார்கள்.

அவள் ‘அப்பா’ என்றாள்.

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பவில்லை.

“நீ பொய் சொன்ன ஒடனே ஃபேன் நின்னுச்சு, ஏட்டி. நானே பாத்தேன்.”

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.