ஜன்னல் இருக்கட்டும்

பல்கலைக்கழகம் கட்டப்போகும் மாணவியர் விடுதியை எதிர்த்துத் தெருவே கூட்டத்துக்குத் திரண்டு வந்திருந்தது. விடுதிக்கு மிக அருகில் வருவது சந்திரலேகா தனியாக வசிக்கும் வீடு. அதனால் அவள்தான் முதலில் பேச வேண்டும்.

"நல்லா கேளுங்கக்கா," என்றான் எதிர்வீட்டு ஸ்ரீதர். "உங்க சமையக்கட்டுக்கு நேரா அத்தினி ஜன்னல் வெக்கிறாங்க. நீங்க கொழம்பு தாளிக்கிறதுகூட அவுங்களுக்குத் தெரியும்."

கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் எழுந்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்ததாகத் தெருவில் சொல்லியிருந்தாள். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் முந்திக்கொண்டார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. அந்தப் பக்கம் ஜன்னலே வேணாம். முழுக்கச் சுவராவே எழுப்பிடறோம்."

கைதட்டல் எழுந்தது. "அக்கா வாயே தொறக்கல, ஜெயிச்சிட்டாங்க!" என்று ஸ்ரீதர் சிரித்தான்.

"வேணாம் சார், ஜன்னல் இருக்கட்டும்," என்றாள் சந்திரலேகா.

முந்தானையை விலக்கிக் கட்டுப் போட்ட கையைக் காட்டினாள்.

"நான் பஸ் ஸ்டாண்டுல விழல. எங்கூட்டு சமையக்கட்டுலதான் விழுந்தேன். காலையில விழுந்தவ, பொழுது சாயற வரைக்கும் கூப்புட்டுக்கினே கெடந்தேன். அப்புறம் நானேதான் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

அவள் ஸ்ரீதர் பக்கம் திரும்பவில்லை.

"அந்தப் பொண்ணுங்களாவது எட்டிப் பாக்கட்டும் சார்."