தையல் போட்ட இடம்

“கத்தியே வேண்டாம் டாக்டர். அந்தத் தையல் வலி எனக்குத் தெரியும்” என்றார் பி.டி. மாஸ்டர்.

டாக்டர் கேட்டது அவரை அல்ல, அவர் மனைவியை. இந்தத் தடவை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்க விருப்பமா, இல்லை முதல் குழந்தைக்குப் போல ஆபரேஷனே போதுமா என்று.

அவள் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். மைதானம் நிறைந்த பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்துகிறவர். அந்தச் சின்ன அறையில் அவர் குரல் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

எட்டு மாத வயிற்றின் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு, அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பொறுமைசாலி. நிதானமாக விளக்கினார். முதல் குழந்தை காலைக் கீழே வைத்துக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் ஆபரேஷன். இந்தக் குழந்தை ஒழுங்காகத் தலையைக் கீழே வைத்திருக்கிறது. அப்போது வெட்டியதும் கர்ப்பப்பையின் அடிப்பகுதியில், குறுக்காக; அதுவும் நல்லதுதான். நடுவில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்படி முயல்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடுகிறது. அபூர்வமாகப் பழைய தையல் விட்டுப்போகலாம். அதனால் ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இறங்குவோம்.

தையல் விட்டுப்போகும் என்றதும் மாஸ்டருக்கு முகம் வெளுத்தது. அந்த வலியை டாக்டருக்கு வர்ணிக்க ஆரம்பித்தார். சிரித்தால் இழுக்கும். தும்மினால் உயிரே போகும். வியர்வை பட்டால் எரியும். நிம்மதியாக ஒரு நாள் தலைக்குக் குளிக்க முடியாது.

வயிற்றில் போட்ட தையலுக்கும் தலைக்குக் குளிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. உங்களுக்கு அவ்வளவு சிரமமாக இருந்ததா என்று அவளிடம் கேட்டார்.

“எனக்கில்ல டாக்டர். அவருக்கு.”

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். இடது புருவத்துக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு.

ஆபரேஷன் அன்று மனைவியின் தலைமாட்டில் நின்றிருந்தவர் மயங்கி, கருவிகள் வைத்திருந்த வண்டியில் மோதி விழுந்தார். கத்தியைப் பார்த்ததால்தான் மயக்கம் என்று ஆசிரியர் அறையில் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அந்தக் கத்தி வளர்ந்துகொண்டே போய், இப்போது கிட்டத்தட்ட அரிவாள் அளவுக்கு வந்திருந்தது. கத்தி இல்லையென்றால் மயக்கமும் இல்லை, இந்தத் தடவை தூண் மாதிரி நிற்பேன் என்றார்.

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ஒரு சத்து மாத்திரை எழுதி, போய் வாங்கிவரச் சொன்னார். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

முயன்று பார்க்கிறேன் என்றாள் அவள். நடுவில் சரிப்படவில்லையென்றால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள், கத்தி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்றாள்.

அப்புறம் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

வெட்டும்போது அவர் மயங்கவில்லை. என் வயிற்றை மறைத்திருந்த திரைக்கு மேலே எட்டி, எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்தார். நர்ஸ் குழந்தையைத் துடைத்து அவர் பக்கம் நீட்டினாள். குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அவ்வளவுதான், ஆள் சரிந்துவிட்டார்.

அவருக்கு அது நினைவில்லை. பாவம், கத்தி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். உங்களைச் சாய்த்தது ஒரு பச்சைக் குழந்தை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். அவளுடைய ஒரு கையில் டிரிப்ஸ், இன்னொரு கையில் பிரஷர் பட்டை. குழந்தை யார் யார் கைக்கோ போய், கடைசியாகத்தான் அவளிடம் வந்தது.

“எப்படிப் பொறந்தாலும் அவர் விழத்தான் போறார் டாக்டர். குழந்தையை வாங்க என் கையாவது காலியா இருக்கணும்.”