மோதிரம் கேட்டு வந்தவள்

வாசல் படலையடியில் நின்றபடியே கதையை முடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் செபஸ்தியம்மா வந்திருந்தாள். உள்ளே போய் இருந்துவிட்டால் அவளுக்கு நாக்கு எழும்பாது.

"ஷெரோன் பிள்ளை, லெனாட் வேறை இடத்திலை கலியாணம் முற்றாக்கிப்போட்டான். தாய் நான் சொல்லியும் கேக்கேல்லை. நிச்சயத்துக்கு உனக்குப் போட்ட மோதிரத்தை வாங்கிக்கொண்டு வரட்டாம்."

"அது என்னட்டை இல்லை, மாமி."

"வித்துப்போட்டியோ?"

மகனுக்கு முன்னால் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டுமே என்ற பயம் அவளுக்குக் கோபமாக வந்தது. "நல்ல நெஞ்சழுத்தம்தான் உனக்கு!"

ஷெரோன் அழவில்லை.

"போன கச்சான் காத்திலை அவரின்ரை போட் கடலிலை இழுபட்டுப் போய், நாட்கணக்காக் காணேல்லையெல்லோ? அப்ப, அந்தோனியார் கோயில் காணிக்கைப் பெட்டிக்குள்ளை போட்டிட்டன்."

அந்த நாட்களில் கடற்கரையில் இந்தப் பிள்ளையின் மடியில்தான் செபஸ்தியம்மா கிடந்தாள். இப்போது படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் உயிரோடை திரும்பி வரவேணும் எண்டுதான் மன்றாடினனான், மாமி," என்றாள் ஷெரோன். "ஆரிட்டை வரவேணும் எண்டு சொல்ல மறந்துபோனன்."